சரசுவிடம் யாரும் கேட்கவில்லை

1

போன சனிக்கிழமை காலை வாசலில் வந்து நின்ற ஜாமூக்காரியிடம் கத்திவிட்டேன். நான் இருப்பது இந்தோனேசியாவில், பாண்டுங் நகரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு நூல் மில்லின் குடியிருப்பில். உலகத்தில் எந்த மூலையில் நூல் மில் இருந்தாலும் அங்கே ஒரு கோயமுத்தூர் மாஸ்டர் இருப்பான் என்று கேலியாகச் சொல்வார்கள். இந்த மூலைக்கு நான். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

ஜாமூ என்பது இந்த ஊர்க் கசாயம். முதுகில் கட்டிய கூடையில் பாட்டில் பாட்டிலாக அடுக்கிக்கொண்டு பெண்கள் வீடு வீடாக வருவார்கள். மஞ்சளும் புளியும் கலந்தது ஒன்று, இஞ்சிச் சாறு ஒன்று, கைகால் வலிக்கு ஒன்று. என் மனைவி கோமதி வாரத்துக்கு இரண்டு நாள் வாங்குவாள். மஞ்சள் தண்ணீர்தானே, குடித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருந்தேன். சனிக்கிழமை பேச்சுவாக்கில் அன்னூரில் இருக்கும் என் தங்கச்சியைப் பற்றி ஜாமூக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். அந்தம்மா உடனே கூடைக்கு அடியிலிருந்து ஒரு கறுத்த பாட்டிலை எடுத்திருக்கிறாள். தேயிலைச் செடியில் ஒட்டி வளரும் புல்லுருவியைக் காய்ச்சியதாம். மார்பில் வருகிற கட்டிக்கு இதைப்போல மருந்தே கிடையாதாம், கத்தி படாமல் கரைத்துவிடுமாம்.

கத்தி படாமல் என்றது உள்ளே இருந்த என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. பாதி அவர்கள் மொழி, பாதி கொங்குத் தமிழ். அந்தம்மா முகம் மாறாமல் பாட்டிலை மூடிக் கூடையில் வைத்துக்கொண்டு, மன்னிக்க வேண்டும் ஐயா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"அந்தம்மா மேல எதுக்குங்க கோவம்? இங்கிருந்து கத்துனா அன்னூருக்குக் கேக்குமா?" என்றாள் கோமதி.

அவள் சொன்னது நியாயம். கத்தினால் கேட்காது, எழுதினால் ஒருவேளை யாராவது படிப்பார்கள். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது இப்போது இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். இங்கிலீஷ் வைத்தியமா, நாட்டு வைத்தியமா? நான் எந்தக் கட்சி என்பதை ஒளிக்கப் போவதில்லை. நான் கத்திக் கட்சி. ஆனால் என் கட்சி ஜெயித்திருந்தாலும் நியாயமாக ஜெயித்திருக்குமா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

2

சரசு எனக்கு ஆறு வயது இளையவள். அன்னூரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை துரைசாமி அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். உரத்தோடு, பருத்திக்கு அடிக்கிற பூச்சி மருந்தும் விற்கிறார். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தென்னை. போன் இருப்பது கடையில். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் இங்கே வார்ட்டெல்லுக்குப் போவேன். வார்ட்டெல் என்றால் நம் ஊர் எஸ்.டி.டி. பூத்தேதான். அதே கண்ணாடிக் கூண்டு, அதே ஓடுகிற மீட்டர். மாப்பிள்ளை எடுத்து, மழை, பருத்தி விலை எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் சரசுவைக் கூப்பிடுவார். அவள் ஓடி வந்து, நல்லா இருக்கேன், அண்ணி நல்லா இருக்காங்களா, காசு ஓடுது வெச்சர்றேன் என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவாள்.

போன வருஷம் பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு மாப்பிள்ளை மழையைப் பற்றிப் பேசவில்லை. குரலைத் தாழ்த்தி, சரசுவுக்கு மாரில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி என்றார். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி வைத்துப் பார்த்துவிட்டு, அதுதான் என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் பக்கம் அந்த வியாதியின் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். அதுதான் என்பார்கள், கெட்ட கட்டி என்பார்கள். பேரைச் சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயம், ஏற்கெனவே வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாலும்.

டாக்டர் சரசுவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையிடம் மட்டும் பேசியிருக்கிறார். மார்பை எடுத்துவிட வேண்டும், பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைக்க வேண்டும், மருந்து ஏற்ற வேண்டும், இப்போதே செய்தால் பிழைக்க நல்ல வழி இருக்கிறது என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து மாப்பிள்ளை சரசுவிடம் சொன்னது, நீர்க்கட்டி. அவளிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"செரிங்க மச்சான்," என்றார்.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். செரிங்க என்று சொல்லிவிட்டு, அவரவர் நினைத்ததைச் செய்வார்கள். அது ஏமாற்று இல்லை, மரியாதை. இத்தனை வருஷம் வெளியே இருந்ததில் எனக்கு அது மறந்துபோயிருந்தது. அடுத்தடுத்த வாரங்களில், நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார், மாசி நோன்பு என்றார், சித்திரை போகட்டும் என்றார். ஆபரேஷனுக்கு நாள் தராமல் இழுக்கிறார்கள் என்று நானும் ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு சரசு வழக்கம்போல ஓடி வந்து, நான் கேட்காமலே, பத்தியம் இருப்பதாகச் சொன்னாள். உப்பில்லை, புளியில்லை. கட்டி கரைந்துகொண்டு வருவதாக வைத்தியர் சொன்னாராம்.

3

மாப்பிள்ளையோடு எனக்கு அன்றைக்குத்தான் முதல் சண்டை. பருத்தியில் புழு விழுந்தால் கலர் கலராக மருந்து எடுத்துக் கொடுக்கிறவர், பெண்டாட்டிக்கு மட்டும் இலையை அரைத்துக் கட்டுகிறீர்களே என்று கேட்டேன். சுருக்கென்று கேட்டதாகத்தான் நினைத்தேன். மீட்டர் ஓடியது.

"அந்த மருந்தத் தெனமும் கையில தொட்டு விக்கறவனுங்க நானு. அதனாலதாங்க பயம்," என்றார். "புழுவும் சாகும், வண்ணத்துப்பூச்சியும் சாகும். எங்கண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க பாக்கலீங்க மச்சான். நா பாத்தேன்."

அவருடைய அண்ணனுக்குத் தொண்டையில் வந்தது. நடந்து ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷன், கரண்ட் வைத்து வைத்துக் கழுத்துத் தோல் கறுத்து உரிந்து, எச்சில் விழுங்க முடியாமல் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை பக்கத்தில் இருந்து பார்த்தவர் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாம் பிழைத்தார்கள் என்று என்னாலும் சொல்ல முடியாது. நான் இல்லாத இடத்தில் நடந்த சாவு என்பதால் எனக்கு அது ஒரு செய்தி. அவருக்கு அப்படி இல்லை.

வைத்தியர் மேற்கே மலையடிவாரத்தில் இருந்தார். பெரிய வசூல்காரர் இல்லை, வெற்றிலைத் தட்டில் வைத்ததை எடுத்துக்கொள்வார். மேலே கட்ட இலை அரைத்த விழுது, உள்ளுக்கு ஒரு சூரணம். ஒரே ஒரு நிபந்தனை, கத்தியோ கரண்டோ பட்ட உடம்புக்கு அவர் மருந்து பிடிக்காது. இந்த ஒரு நிபந்தனையை நினைத்து நினைத்து நான் பல்லைக் கடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அவரிடம் வர முடியாது, அவரிடம் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. மருந்து தோற்றால் அவரைக் கேட்க ஆள் இல்லை.

போனில் பேசிப் பயனில்லை, நேரில் போய்விடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபம். இங்கே வேலை பார்க்கிற வெளிநாட்டுக்காரன் சொந்த ஊருக்குப் போவதற்கும் ஒரு அனுமதி, திரும்பி வருவதற்கும் ஒரு அனுமதி. மில் கடிதம் கொடுக்க வேண்டும், அது ஒரு ஆபீசுக்குப் போக வேண்டும், அங்கிருந்து இன்னொரு ஆபீஸ், நடுவில் அவர்களுடைய நோன்புப் பெருநாள். கவுண்டரில் இருந்த அதிகாரி என்ன அவசரம் என்று கேட்டார். இவர்கள் மொழியில் ரூமா என்றால் வீடு, சாகிட் என்றால் நோய், இரண்டையும் சேர்த்தால் ஆஸ்பத்திரி. தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்ல வேண்டியவன் பதற்றத்தில் உளறி, என் வீட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் கொத்தனாரைக் கூப்பிடு என்று அவர் சிரித்தார். நான் திருத்திச் சொல்லவில்லை. சொன்னதில் பெரிய தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்களில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மகள் தீபா, அத்தைக்கு பிரெஸ்ட் கேன்சர்தானே, எந்த ஸ்டேஜ் என்று கேட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். சிநேகிதிகளோடு இந்த ஊர் மொழி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், எங்களுக்காக மட்டும் கொஞ்சம் தமிழ். அந்தத் தமிழில் எங்கள் ஊர் மரியாதையான 'ங்க' உதிர்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. பள்ளி நூலகத்தில் எல்லாம் படித்து வைத்திருந்தாள். அப்படியெல்லாம் பேர் சொல்லிக் கேட்கக் கூடாது என்று கோமதி அதட்டினாள். ஏன் என்று கேட்டாள். கோமதி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

4

பீளமேட்டு விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வழியெல்லாம் இரண்டு பேரும் பருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஊதுபத்திப் புகை. ஒன்றிரண்டு இல்லை, கட்டுக் கட்டாகக் கொளுத்தி வைத்திருந்தார்கள். சரசு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, போய்க் கதவு நிலையோரம் நின்றுகொண்டாள். நான் ஊருக்கு வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து பெட்டியைக் குடைகிறவள் அவள்.

"சளி புடிச்சிருக்குதுங்கண்ணா. கிட்ட வந்தா ஒட்டிக்கும்," என்றாள்.

சளி இல்லை. கட்டி உடைந்திருந்தது. புகைக்கு அடியில் இருந்த நாற்றம் எனக்கு வந்த உடனே தெரிந்துவிட்டது. அவளுக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரிந்தது. முந்தானையை இழுத்து இழுத்து மூடியும், ரவிக்கையின் இடப்பக்கம் பச்சிலைச் சாறு இறங்கிய கறை தெரிந்தது. அந்தக் கை மட்டும் வீங்கியிருந்தது, வளையலைக் கழற்றியிருந்தாள். நான் விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொன்னேன். அவளும் சிரித்தாள்.

மத்தியானம் மாப்பிள்ளையைக் கடைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். உர மூட்டைகளுக்கு நடுவில் நின்று, சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். என் தங்கச்சியைக் கொன்றுபோட்டீர்கள் என்றும் சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

ஆபரேஷனுக்கு அவர் முதலில் சம்மதித்துத்தான் இருந்தாராம். ஆனால் அண்ணன் நினைப்பு வந்து தூங்க முடியவில்லை. யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் சாமியையே கேட்டுவிடுவது என்று, கொடுமுடிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் பக்கம் கல்யாணமோ காடு தோட்டம் வாங்குவதோ, மனசு இரண்டுபட்டால் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாமல் இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவது. ஒன்றை எடுத்துப் பிரித்தால் அதுதான் உத்தரவு. வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் பச்சிலை என்று மாப்பிள்ளை மனசுக்குள் நினைத்துக்கொண்டார். சரசுவிடம் சொன்ன காரணம் வேறு. தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போடலாமா வேண்டாமா என்று கேட்கப் போகிறோம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

பூசாரி, வீட்டுப் பொம்பளை கையாலேயே எடுக்கட்டும் என்றாராம். சரசு கும்பிட்டுக் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பிரித்தால் சிவப்பு.

"அவ கையாலயே வந்துச்சுங்க மச்சான். அதுக்கு மேல நா என்னங்க செய்யட்டும்?" என்று கேட்டு அழுதார். நாற்பத்தைந்து வயது மனுஷன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அந்தக் கோடையில் போர் போடவே இல்லை. கண்ணெதிரே அவருடைய தென்னை காய்ந்திருக்கிறது. நான் திட்டுவதற்கு வைத்திருந்த மிச்ச வார்த்தைகளை விழுங்கிவிட்டு வெளியே வந்தேன். சாமியை நம்பாதவன் என்று ஊரில் எனக்குப் பேர். ஆனால் அந்த இலைப் பொட்டலத்தை அவள் கை தொடுவதை நினைத்துக்கொண்டே பொழுது சாயும்வரை அந்தத் தென்னைகளுக்கு நடுவில் நடந்தேன்.

5

மறுநாள் காலை மாப்பிள்ளையும் நானும் வங்கிக்குப் போயிருந்த நேரம், கடைப் போன் அடித்திருக்கிறது. தீபா பாண்டுங்கிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்தது சரசு. நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேனா என்று கேட்டவள் அதோடு வைத்திருக்கலாம். அத்தை மேல் அவளுக்குப் பிரியம். அத்தை, கேன்சருக்கு கீமோ ஆரம்பிச்சாச்சா, முடி கொட்டுமே, பயப்படாதே, திரும்ப முளைச்சிடும் என்று சொல்லியிருக்கிறாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது சரசு பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே, தீபா கூப்பிட்டாள் என்றாள். என்ன சொன்னாள் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். மாப்பிள்ளை தூணோரம் போய் உட்கார்ந்தார். நான், சின்னப் பிள்ளை ஏதோ உளறியிருக்கிறாள் என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டேன்.

"நீர்க்கட்டின்னு சொன்னீங்க. நம்பிப்போட்டேன். ஊட்ல இத்தன பேரு சொல்றப்ப நம்பாம என்ன செய்வேன்," என்றாள். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "கோயில்ல பூப்போட்டமே, அது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

அவளுக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. எட்டு மாசமாகப் போர் போடாமல் தென்னையைச் சாகவிட்டவரைப் பார்த்து அவளுக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை உள்ளதைச் சொன்னார். சொல்லி முடிக்கும் வரை அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நா தண்ணி வரோணும்னுதானுங்க கும்பிட்டேன்," என்றாள். "செவப்பு வந்ததும், செரி போ, இந்த வருசம் கடன் வாங்க வேண்டியதில்லன்னு சந்தோசப்பட்டேன். எனக்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா பூவே போட உட்டிருக்க மாட்டேன். அறுத்து எறிங்கன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். மாரு இருந்தா என்ன, போனா என்ன. எனக்கு இருக்கோணுமுங்க. நா இருக்கோணும்."

கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒருவர் ஆஸ்பத்திரியைக் கண்டு பயந்தார், ஒருவன் பச்சிலையைக் கண்டு கொதித்தான், சாமியைக்கூட ஒரு வார்த்தை கேட்டாயிற்று. கட்டி யார் மாரில் இருந்ததோ அவளை மட்டும் கேட்கவில்லை. அவள் தாங்க மாட்டாள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

6

அடுத்த நாளே கோயமுத்தூர் போனோம். இந்த முறை ஒரு பெண் டாக்டர். மாரில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்து, ஒட்டிக்கொண்ட பச்சிலையை உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுக்கவே வெகு நேரம் ஆனது. சரசு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் போயிருந்தது.

டாக்டர் எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் மாப்பிள்ளையைக் கைகாட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. இனி வெட்டுவதில் பிரயோஜனம் இல்லை என்றார். கரண்ட் வைத்தால் புண் காயலாம், நாற்றமும் வலியும் குறையலாம், அவ்வளவுதான் என்றார். உடனே நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டோம். கரண்ட் பட்டால் வைத்தியர் இனிமேல் மருந்து கொடுக்க மாட்டாரே என்று மாப்பிள்ளை. இன்னும் எந்த மருந்து என்று நான். டாக்டர் மேஜைக்கு முன்னால், அவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு.

"ரெண்டு பேரும் சித்த வெளிய இருங்க," என்றாள் சரசு.

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சுற்றிலும் மொட்டைத் தலைகளும் துண்டு கட்டிய கழுத்துகளும். தாராபுரத்தில் ஒரு சாமியார் இருக்கிறார், பால் மட்டும் குடித்தால் போதும் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு. கேட்டவர் ஊர்ப் பேரை மறுபடி சொல்லச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டார். எனக்கு அந்த இருவர் மேலும் கோபம் வரவில்லை. பக்கத்தில் பார்த்தால் மாப்பிள்ளையும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரசு வெளியே வந்தாள். கரண்ட் வைத்துக்கொள்ளப் போகிறேன், நாளையிலிருந்து வரச் சொன்னார்கள் என்றாள். வேறென்ன பேசினாய் என்று கேட்டேன். கேக்க வேண்டியத கேட்டுக்கிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நான் திரும்பிப் போய் டாக்டரைக் கேட்டேன். உங்கள் தங்கை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

7

லீவு முடிந்து நான் இங்கே திரும்பி இரண்டு மாசம் ஆகிறது. புண் ஓரளவு காய்ந்திருக்கிறது. ஊதுபத்தி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். உப்பும் புளியும் சாப்பிடுகிறாளாம். இதையெல்லாம் அவர் நல்ல சேதியாகச் சொல்கிறார், நானும் நல்ல சேதியாகக் கேட்டுக்கொள்கிறேன். முதுகு வலி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. தீபா, தன்னால்தான் அத்தைக்கு எல்லாம் தெரிந்தது என்று கேள்விப்பட்டு, தப்பு செய்துவிட்டேனா என்று என்னைக் கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். அவள் நம்பினாளா தெரியாது. அதற்குப் பிறகு வீட்டில் தமிழ் பேசுவதை இன்னும் குறைத்துக்கொண்டாள்.

ஜாமூக்காரியிடம் கத்திய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வார்ட்டெல்லுக்குப் போனேன். இப்போதெல்லாம் சரசுதான் போனை எடுக்கிறாள், காசு ஓடுது என்று சொல்வதில்லை. நானும் சுற்றிவளைக்காமல் கேட்டேன். டாக்டர் எவ்வளவு நாள் சொன்னார்கள் என்று தெரிந்தால்தான் நான் லீவுக்குச் சொல்லி, அனுமதி வாங்கி, வந்து சேர முடியும் என்று கெஞ்சினேன். கண்ணாடிக்கு வெளியே அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்தான். நான் அழுவதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எட்டு மாசம் நீங்கெல்லாம் எங்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தீங்க. இது எங்கிட்டயே இருக்கட்டுங்கண்ணா," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "நாளு சொன்னா நீங்க அந்த நாளுக்குத்தான் வருவீங்க. இப்ப வாங்க. நா பேசிட்டு இருக்கறப்பவே வாங்க."

திங்கட்கிழமை மில்லில் பணியாளர் பிரிவு அதிகாரியிடம் போனேன். நல்ல மனுஷர், எனக்கு வேண்டியவர். வருஷ லீவு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, அவசர லீவு என்றால் சாவு விழுந்திருக்க வேண்டும், நோய்க்குக் கிடையாது என்றார். நான் எழுந்துகொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, தங்கை இறந்துவிட்டதாக எழுதிக் கொடு, இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன், சாவுத் தந்தியைப் பிறகு கொடுத்தால் போதும் என்றார். அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

இந்தப் பத்திரிகை இங்கே வராது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவர் சொல்லச் சொல்ல, அவர்கள் மொழியில், என் தங்கை சரஸ்வதி இறந்துவிட்டாள் என்று என் கையால் எழுதினேன். உயிரோடு இருக்கிறவளைச் செத்துப்போனதாகப் பேசினால் அவளுக்கு ஆயுசு கூடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. கையெழுத்துப் போடும்போது, கூடட்டும், கூடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.